ஒருவர் இறங்கினால் ஒருவர் ஏறலாம்

எங்கள் மலை எத்தனை பேரைத் தாங்கும் என்பதை மலைச் சுற்றுலாப் பசுமை வாரியம் கண்டுபிடித்தது. நாலாயிரம் பேர். அதுவரை இது மலைக்கே தெரியாது.

ஆய்வுக்கு வந்த நிபுணர் உச்சியிலுள்ள பெரிய ஹோட்டலின் பால்கனியில் ஒரு வாரம் உட்கார்ந்து மலையைப் பார்த்தார். மழை பெய்த நாள்களில் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவர் சொன்ன எண்ணும், மலையிலுள்ள ஹோட்டல் கட்டில்களில் படுக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தன. அறிக்கை இதை "இயற்கைக்கும் முதலீட்டுக்கும் இடையே அமைந்த வியக்கத்தக்க இசைவு" என்று பாராட்டியது. நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்து அடிக்கோடு போட்டு வைத்தேன்.

எனக்குப் புரியாதவை நிறைய இருந்ததால்தான் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். பகலில் மலைப்பாதையின் பாதியில் இருக்கும் சாவடியில் வேலை. வாரியத்தின் எண்ணிக்கை உதவியாளர் என்று பெயர். மாலையில் அடிவார ஊரில் ஓர் அரசுக் கட்டடத்தின் மேல்மாடியில் சுற்றுச்சூழல் சுற்றுலா பற்றிய சான்றிதழ் வகுப்பு. பாடம் நடத்தியவர் வாரியத்தின் செயலாளரேதான். வகுப்பு முடிந்ததும் கடைசி வண்டியைப் பிடித்து மேலே அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

அக்கா வீட்டில் இரண்டு அறை, பின்னால் ஒரு கொட்டகை, அதில் ஒரு பசு. பசுவுக்கு மகாராணி என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. அக்காவைத் தவிர வேறு யார் அதன் மடியில் கை வைத்தாலும் அது பாலை மேலே இழுத்துக்கொள்ளும், அல்லது உதைக்கும். மச்சான் ஒரு முறை முயன்று பார்த்துவிட்டு ஒரு வாரம் சாய்ந்து நடந்தார். தினமும் காலையில் கறந்த பாலை அக்கா அடிவாரத்துக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, மாலைக் கறவைக்கு முன்னால் மேலே வந்துவிடுவாள்.

வகுப்பில் சேரச் சொன்னதும் அக்காதான். வீட்டுக்குக் கீழே இருந்த ஊற்று ஹோட்டல்கள் வந்த பிறகு கலங்கிப்போயிருந்தது. சீசன் முடிந்தால் சரிவு முழுக்கக் காலி பாட்டில்கள் உருண்டு வரும். "அந்த வகுப்புல இதுக்கு ஏதாவது வழி சொல்லித் தராங்களான்னு கேளுடா தம்பி" என்றாள். கேட்கத்தான் நினைத்தேன். வகுப்பில் கை தூக்க எனக்குக் கூச்சம். தேர்வில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தேர்வில் ஒரு கேள்வி வந்தது: மலையின் தாங்கும் திறனை எளிய உதாரணத்தால் விளக்குக. எனக்கு அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்தான் நினைவுக்கு வந்தது. ஆள் அதிகமானால் அது கீ என்று கத்தும், கடைசியாக ஏறியவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடி இறங்கிக்கொள்வார், கதவு மூடும். மலையும் அப்படித்தான், நிறைந்துவிட்டால் புதிதாக வருகிறவர்கள் கீழேயே காத்திருக்க வேண்டும் என்று எழுதினேன். எழுதிவிட்டு, இவ்வளவு எளிதாக இருந்தால் மதிப்பெண் கிடைக்குமா என்று சந்தேகப்பட்டு, கீழே லிஃப்டின் படம் ஒன்றும் வரைந்தேன்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். என் விடைத்தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

"நீ எழுதினது பதில் இல்லப்பா. கொள்கை" என்றார்.

அன்று இரவு அக்காவிடம் அதைச் சொன்னேன். அவள் எனக்கு ஒரு டம்ளர் பால் கூடுதலாகக் கொடுத்தாள்.

* * *

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உச்சி ஹோட்டலின் மண்டபத்தில் நடந்தது. 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்ற வாசகம் பெரிய ஃபிளெக்ஸில் தொங்கியது. மேடையில் இருந்த தண்ணீர் பாட்டில்களுக்குச் சாக்குத் துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். வாரியத்தார் ஒன்பது கார்களில் வந்தார்கள். அவர்கள் பார்வையாளர்கள் என்பதால் நாலாயிரத்தில் சேர மாட்டார்கள் என்று முதலிலேயே அறிவித்தார்கள். கருத்து சொல்ல விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்த பிறகு சொல்லலாம் என்றும் அறிவித்தார்கள்.

செயலாளர் எழுந்தார்.

"நண்பர்களே, மனசுவிட்டுப் பேசுவோம். ஒரு சுற்றுலாப் பயணி ரெண்டு நாள் இருக்கார், போயிடறார். போகும்போது மலையைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிட்டுப் போறார். நீங்க? வருஷம் முழுக்க இருக்கீங்க. வருஷம் முழுக்க மூச்சு விடறீங்க, அடுப்பு எரிக்கிறீங்க, குளிக்கிறீங்க. ஒரு வார்த்தை எழுதினது உண்டா? கோவிச்சுக்காதீங்க, நான் சொல்லல, கணக்கு சொல்லுது. மலைக்கு யாரால பாரம் ஜாஸ்தி?"

"குளிக்கத் தண்ணி ஏது சார்? எல்லாம் இந்த ஹோட்டல் நீச்சல் குளத்துல இல்ல கெடக்கு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. செயலாளரும் சிரித்தார்.

"நல்ல கேள்வி. அது நீச்சல் குளம் இல்லீங்க. மழைநீர் சேகரிப்புத் தொட்டின்னு பதிவாகியிருக்கு. அதுல ஆளுங்க நீந்தறாங்கன்னா அது அவங்க தனிப்பட்ட விஷயம்."

பிறகு அவர் லிஃப்டுக்கு வந்தார். எனக்குக் காது சூடானது. என் பக்கம் கை நீட்டினார்.

"இந்தக் கொள்கையை வெளிநாட்டு நிபுணர் யாரும் தரல. உங்க மலைப் பையன் தந்தான். அதோ உக்காந்திருக்கான், என் மாணவன். மலை ஒரு லிஃப்ட்னு எழுதினான்! லிஃப்ட் நெறஞ்சு போச்சுன்னா ஒருத்தர் இறங்கணும். யாரு இறங்கணும்? பையன் கடைசியா ஏறினவர்னு எழுதியிருந்தான். சின்ன வயசு, அவசரம். நான் திருத்தினேன். நீங்களே சொல்லுங்க, லிஃப்டுல ரொம்ப நேரமா நிக்கறவர்தானே முதல்ல இறங்கணும்? இப்ப ஏறினவர் இன்னும் ஒரு மாடிகூடப் பார்க்கலையே! இங்க சில பேர் தாத்தா காலத்துலேர்ந்து உள்ளேயே நிக்கறாங்க. எந்த மாடிக்குப் போறாங்கன்னுகூடச் சொல்ல மாட்டேங்கறாங்க."

ஹோட்டல் முதலாளிகள் கைதட்டினார்கள். எனக்குச் சான்றிதழும் ஒரு மரக்கன்றும் கொடுத்தார்கள். மரக்கன்றைப் படம் எடுத்த பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஊர்க் கூட்டத்துக்கும் அதே கன்றுதான்.

கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் அக்கா இருந்தாள். நான் இறங்கி வரும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் வாய் திறந்தாள். "லிஃப்டா?"

"நான் எழுதினது வேற அக்கா. கடைசியா வந்தவங்கதான் காத்திருக்கணும்னு..."

"நீ எழுதினதை அவர் படிக்கலையா?"

"படிச்சார்."

"அப்ப சரி."

அதோடு விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டாள். இரண்டு அடி அடித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

* * *

அடுத்த வாரம் சாவடியில் இயந்திரம் பொருத்தினார்கள். பச்சைப் பொத்தான் ஏற்றத்துக்கு, சிவப்புப் பொத்தான் இறக்கத்துக்கு. மேலே எண் ஓடும். நாலாயிரம் வந்துவிட்டால் தடுப்புக் கம்பி தானாகப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஒருவர் இறங்கினால்தான் ஒருவர் ஏறலாம். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பாகுபாடு இயந்திரத்துக்குக் கிடையாது; இதைச் செயலாளர் சமத்துவம் என்றார்.

விலக்குகள் இருந்தன. மச்சான் ஹோட்டல் வேன் ஓட்டுகிறவர். ஓட்டுநர்கள் மனிதக் கணக்கில் வர மாட்டார்கள், வாகனத்தின் பகுதியாகக் கருதப்படுவார்கள் என்று ஆணை வந்தது. "ஸ்டெப்னிக்கு ஒரு மரியாதை இருக்குதுல்ல, அந்த மரியாதை எனக்கும் உண்டு" என்று மச்சான் சொல்லிக்கொண்டார். ஆனால் அவர் வேனில் அக்காவை ஏற்ற முடியாது. அக்கா வாகனத்தின் பகுதி இல்லை.

முதல் சனிக்கிழமை. காலையில் அக்கா பால் கேனோடு இறங்கினாள். நானே சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். காத்திருந்த வரிசையிலிருந்து தொப்பி போட்ட ஒருவர் ஏறினார். பச்சையை அமுக்கினேன். அதில் ஒரு தவறும் இல்லை. முறையாகத்தான் செய்தேன்.

மதியம் அக்கா காலிக் கேனோடு வந்து கம்பிக்கு முன்னால் நின்றாள்.

"தூக்குடா."

"நெறஞ்சிடுச்சு அக்கா. யாராவது இறங்கட்டும்."

"காலையில இறங்கினேனே, அந்த என்னோட இடம் எங்க?"

"அதுல ஒரு தொப்பிக்காரர் போயிட்டார்."

"எப்ப வருவார்?"

"ரெண்டு நாள் தங்கறாராம்."

அக்கா கேனைக் கீழே வைத்தாள். "அவருக்குப் பால் கறக்கத் தெரியுமா?"

சாவடிக் காவலரை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம். வாயிலிருந்து அதை எடுத்து நான் பார்த்ததில்லை. அன்று எடுத்தார். "தம்பி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். நீ ஏதாவது பண்ணு" என்றார்.

"நீங்க திரும்பிக்கலாம். மிஷின் திரும்பாதே" என்றேன். பச்சைப் பொத்தானை அமுக்கிக் காட்டினேன். அது வகுப்புக் கட்டடத்து லிஃப்ட் மாதிரியே கீ என்று கத்தியது.

பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. சனிக்கிழமை மதியம் மலையிலிருந்து யார் இறங்குவார்கள்? நிழல் நீள ஆரம்பித்தது. அக்கா கேன் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமல் மேலே போகும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேரம் தப்பினா மடி கட்டிக்கும்டா. அதுக்கு உங்க வாரியமெல்லாம் தெரியாது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மாட்டுக்கென்று விதி இல்லை. மடிக்கென்றும் இல்லை. இறங்குகிறவர் யாராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அப்போதுதான் தோன்றியது, நானும் மலையில் குடியிருப்பவன், நாலாயிரத்தில் ஒருவன் என்று.

கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். எண் ஒன்று குறைந்தது. உடனே பச்சையை அமுக்கினேன். "ஓடு அக்கா."

அக்கா கேனை எடுத்துக்கொண்டு கம்பியைத் தாண்டினாள். தாண்டியதும் நின்றாள். "நீ ராத்திரிக்கு எங்கடா படுப்ப?"

"பார்த்துக்கறேன். ஓடு."

விசில் நீளமாக ஊதினார். அக்கா ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லிஃப்டைப் பற்றி எழுதிய பாவத்தில் ஏதோ கொஞ்சம் கழிந்துவிட்டதுபோல இருந்தது. அப்படி நினைத்திருக்கக் கூடாது.

* * *

செயலாளர் அறையில் ஒரு திரை உண்டு. சாவடி அதில் தெரியும். ஒரு மணி நேரத்தில் கார் வந்து நின்றது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

"யாரும் சொல்லாமலே இறங்கியிருக்கியேடா! நாங்க ரெண்டு வருஷமா இதை எப்படி ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கோம்."

"சார், எங்க அக்கா மாடு கறக்கணும்னு..."

"காரணம் இருக்கட்டும். காரணம்லாம் போஸ்டர்ல வராது."

புகைப்படக்காரரும் வந்திருந்தார். வெளிச்சம் சரியில்லை என்று என்னை மறுபடி உள்ளே போகச் சொன்னார்கள். கம்பிக்கு அடியில் குனிந்து வரச் சொன்னார்கள். இயல்பாக இருப்பதற்காகச் சிவப்புப் பொத்தானையும் அமுக்கச் சொன்னார்கள். உள்ளே போனபோதெல்லாம் பச்சையை அமுக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் இறங்கிய ஒவ்வொரு முறையும் வரிசையிலிருந்து ஒரு பயணி ஏறினார். படம் சரியாக வருவதற்குள் ஒரு வேன் காலியாகிவிட்டது. நான் சொல்லப்போனேன். "எண் நாலாயிரம்தானே காட்டுது? அப்ப நாலாயிரம்தான்" என்றார் செயலாளர்.

சாவடிக்குப் பக்கத்தில் என் முகம் வீடு உயரத்துக்கு எழுந்தது. 'நான் இறங்கிவிட்டேன். நீங்கள்?' என்று கேட்டது. வலது காதை மறைத்த மரக்கிளையை வெட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு விருப்ப இறக்கத் திட்டம் வந்தது. முழுக்க முழுக்க விருப்பம்தான். விருப்பம் தெரிவிக்காதவர்களின் வீட்டுக் குழாய்களுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான். முதலில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் குடும்பம் இறங்கியது. பிறகு தையல்காரர். பிறகு பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகள் இறங்கிவிட்டதால் அவர் அங்கே மூச்சு விட நியாயமான காரணம் இல்லை என்று வாரியம் கண்டது. ஒவ்வொருவருக்கும் நான் சிவப்புப் பொத்தான் அமுக்கினேன். சிலர் என் படத்தை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்துவிட்டுப் போனார்கள். தையல்காரர் மட்டும் நின்று, "படத்துல சட்டை காலர் கோணலா இருக்குது தம்பி" என்றார்.

அக்கா இறங்க மாட்டேன் என்றாள். மாட்டை விட்டு எப்படி வருவது என்று வாரியத்துக்குப் போய்க் கேட்டாள். செயலாளர் அன்பாகப் பதில் சொன்னதாக மச்சான் வந்து சொன்னார்.

"மாட்டை யாரும்மா இறங்கச் சொன்னது? அது இயற்கை. சரிவுல மாடு மேயறதுதான் மலைக்கே அழகு, படம் எடுக்க வர்றவங்க முதல்ல அதைத்தான் கேக்கறாங்க. மாடு இருக்கட்டும். நீங்கதான் படத்துல குறுக்க வர்றீங்க."

குழாய் ஓய்வெடுத்த பதினைந்தாம் நாள் அக்கா இறங்கினாள். இரண்டு பை, பால் கேன். அடிவாரத்தில் நான் எடுத்திருந்த ஒற்றை அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. என் படமும் தெரிந்தது.

"அன்னைக்கு நீ இறங்கி எனக்கு வழி விட்டதா நெனச்சேன்டா" என்றாள். "எல்லாருக்கும் வழி காட்டியிருக்க."

மச்சான் வாசலில் நின்று ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் வேனைத் துடைக்கப் போய்விட்டார்.

* * *

மறுநாளே அக்கா வீடு 'மலைவாழ்வு அனுபவ இல்லம்' ஆனது. பயணிகள் அடுப்பு ஊதலாம், அரிவாள் எடுத்துப் புல் அறுப்பதுபோலப் படம் எடுக்கலாம், பால் கறக்கலாம். கடைசி அனுபவம் மட்டும் நடக்கவில்லை. மகாராணி முதல் நாளே இரண்டு பேரை உதைத்தது. தொப்பி போட்டிருந்த ஒருவர் தொப்பி இல்லாமல் இறங்கினார். மூன்றாம் நாள் மச்சான் முகம் வாடி வந்தார். "மடி கல்லு மாதிரி இருக்குது. கத்திக்கிட்டே இருக்கு. பக்கத்துல போக முடியல" என்றார். அக்கா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள்.

எனக்கு ஒரு பரிசு வந்திருந்தது. முதல் தன்னார்வ இறங்குநர் என்பதற்காக வாரியம் கொடுத்த இலவசக் கூப்பன்: ஒரு நபருக்கு, ஒரு பகல், மலைவாழ்வு அனுபவம், கறவையும் சேர்த்து. சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இதை எப்படி நீட்டுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். எப்படி நீட்டினாலும் அது அதுவாகத்தான் இருந்தது. நீட்டினேன்.

அக்கா அதைப் படித்தாள். இரண்டு பக்கமும் படித்தாள். "ஒரு நாளைக்குத்தானா?" என்றாள்.

"ஒரு நாளைக்குத்தான்."

வாங்கிக்கொண்டாள்.

மேலே நடந்ததை மச்சான் சொல்லித்தான் தெரியும். வாசலில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் மாலை போட்டார்கள். அவளுடைய அடுப்பை அவளுக்குச் சுற்றிக் காட்டினார்கள். கொட்டகையில் ஒரு வழிகாட்டி இருந்தான். இதற்காகப் பயிற்சி எடுத்து வந்தவன். "பயப்படாதீங்கக்கா. மெதுவா கிட்ட போங்க. விரலை இப்படி வெச்சு இப்படி இழுக்கணும். வரலைன்னா பரவால்ல, யாருக்கும் வரல" என்றான். மகாராணி கத்துவதை நிறுத்தியது. அக்கா மடியை வெந்நீரில் ஒற்றி, நெடுநேரம் நீவிவிட்டாள். பிறகு பாத்திரத்தில் சத்தம் கேட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "பாருங்க, முதல் தடவையே வந்துடுச்சு! உங்களுக்குக் கைராசிக்கா" என்றானாம் வழிகாட்டி. அக்கா மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு கறந்துகொண்டே இருந்தாளாம்.

கூப்பனின் நேரம் மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அக்கா நடந்தே இறங்கி வந்தாள். கழுத்தில் மாலை இல்லை. கையில் ஒரு காகிதக் கோப்பையில் பால் இருந்தது, அனுபவம் பெற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது. அதைச் சிந்தாமல் அவ்வளவு தூரமும் கொண்டுவந்திருந்தாள். சாவடியில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என் முன்னால் வைத்தாள்.

"ஆறிப்போச்சு. குடி" என்றாள்.

"நாளைக்கு யாருக்கா கறப்பாங்க?" என்றேன்.

அவள் மேலே போகும் பாதையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள். ஒரு காலை முன்னால் வைத்துவிட்டு, மற்றக் காலை எடுக்காமல் நின்றாள். கீழே வரிசையில் ஒரு கார் ஹாரன் அடித்தது. என் விரல் சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது.

"அமுக்குடா" என்றாள் அக்கா. "பாவம், அவங்க ரொம்ப நேரமா நிக்கறாங்க."